6. முப்பத்திரண்டு புள்ளிக்குள் கோடுகள்

கோடு போட்ட வடிவம்தான் இருப்பதிலேயே சுலபம் என்று எண்ணி, புதிதாக வரைய வருகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் கை வைக்கிறார்கள். ஒரு நிறம், பக்கத்தில் இன்னொரு நிறம், மறுபடியும் முதல் நிறம். வரையும் பலகையில் பார்க்க அழகாகவே இருக்கும். அதைத் தீவின் தரையில் வரிசையாக விரித்த பிறகுதான் குறை கண்ணில் படும். கட்டத்துக்குக் கட்டம் ஒரு கோடு மட்டும் தடித்துப்போய் நிற்கும். பூவோ இலையோ வரைந்திருந்தால் அந்தச் சின்னப் பிசகை யாரும் கவனிக்கமாட்டார்கள். கோட்டில் அது ஒளியாது. சீராக ஓடுவதைத் தவிரக் கோட்டுக்கு வேறு அழகு இல்லை.

'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' விளையாட்டு 2020 மார்ச் 20 அன்று நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வெளிவந்தது. அதில் நாம் வரையும் பலகை குறுக்கே 32 புள்ளி, நெடுக்கே 32 புள்ளி. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாக் கணக்கும் இந்த ஒரே எண்ணிலிருந்து பிறப்பதுதான். எந்த நிறம் என்று யோசிப்பதற்கு முன்னால், கோட்டின் அகலம் என்ன, அது எங்கே போய் அமரப்போகிறது என்ற இரண்டையும் முடிவு செய்யுங்கள். நிறத்தைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அகலம் தப்பினால் முதலிலிருந்து வரைய வேண்டும்.

வாங்கக் கிடைப்பவை

வரையாமலே கிடைக்கும் கோடுகளை முதலில் பார்த்துவிடலாம். ஏபிள் சிஸ்டர்ஸ் துணிக்கடையில் சரக்கு தினமும் மாறும். வெளியே மாட்டியிருப்பதை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். உடை மாற்றும் அறைக்குள் போனால், அன்று விற்பனைக்கு இருக்கும் அதே உடை வேறு நிறங்களிலும் வரும். காலுறை, செருப்பு வேண்டுமென்றால் அவ்வப்போது வந்து போகும் கிக்ஸ் என்ற வியாபாரியிடம் கேளுங்கள். சுவர்த்தாள், தரைவிரிப்பு நூக்ஸ் கிரானியில் நாள்தோறும் மாறி வரும். கம்பள வியாபாரி சஹாரா வரும் நாளில் அவளிடமும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஒருமுறை கைக்கு வந்த பெரும்பாலான பொருட்கள் உங்கள் பட்டியலில் பதிந்துவிடும், பிறகு அவற்றைக் கடையிலிருந்தே வரவழைத்துக்கொள்ளலாம். ஆனாலும் பிடிக்காத நிறத்தில் கிடைத்ததை உடனே விற்காமல் ஒருநாள் வைத்துப் பாருங்கள்.

துணிக்கடையின் ஓரத்தில் தையல் எந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் சேபிள் தொடக்கத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். தினமும் போய்ப் பேசிக்கொண்டே இருங்கள். பழகிய பின் துணி வடிவங்களை ஒவ்வொன்றாகத் தரத் தொடங்குவாள். மேசை, நாற்காலி, மெத்தை போன்றவற்றை மாற்றியமைக்கும்போது அவை பயன்படும். அவள் தருபவற்றின் நிறத்தையோ அகலத்தையோ நாம் தொட முடியாது, இருப்பது இருப்பதுதான். உங்கள் அறைக்கு ஒத்துவந்தால் நேரம் மிச்சம், இல்லையென்றால் வரைய வேண்டியதுதான்.

32-ஐ மிச்சமின்றி வகுக்கும் எண்

நூக்ஃபோனில் இருக்கும் 'கஸ்டம் டிசைன்ஸ்' செயலியைத் திறந்து ஒரு வெற்றுப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிறம், இரண்டும் சம அகலம் என்றால் தேர்வு மிகக் குறைவு. 1, 2, 4, 8, 16 ஆகிய ஐந்து அகலங்கள் மட்டுமே பிசகில்லாமல் அடுத்த கட்டத்தோடு சேரும். ஒரு நிறமும் அடுத்த நிறமும் சேர்ந்ததை ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், அந்தச் சுற்றின் அகலம் 32-ஐ மிச்சமின்றி வகுக்க வேண்டும்.

மூன்று புள்ளி அகலத்தில் நீலமும் வெள்ளையும் மாற்றி மாற்றி இழுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு சுற்று 6 புள்ளி. ஐந்து சுற்றுக்கு 30 போக மீதி இரண்டு. அந்த இரண்டிலும் நீலம் வரும். அடுத்த கட்டம் மூன்று புள்ளி நீலத்தோடு தொடங்கும். இரண்டும் மூன்றும் சேர்ந்து ஐந்து புள்ளியில் ஒரு தடித்த நீலம். கட்டம் ஒவ்வொன்றிலும் அது திரும்பத் திரும்ப வரும்.

மூன்று நிறம் வேண்டுமா? மூன்றும் சம அகலத்தில் வரவே வராது, 32 மூன்றால் வகுபடாது. இதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். சமமில்லாத அகலங்கள்தான் துணிக்கு உயிர் கொடுக்கும். 4, 2, 2 என்று பிரியுங்கள். அல்லது 8, 4, 4. என் கண்ணுக்கு மிகவும் பிடித்தது 6, 1, 1 தான். அகலமான ஒரு நிறம், அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல இரண்டு மெல்லிய இழை. சுற்று எட்டுப் புள்ளி, கட்டத்துக்கு நான்கு சுற்று. மரப் பலகை பாவிய நடைபாதை வேண்டுமானால் 7 புள்ளி பழுப்பு, 1 புள்ளி கரும்பழுப்பு என்று போடுங்கள். கட்டத்துக்கு நான்கு பலகை விழும்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. 4 வெள்ளை, 4 நீலம் என்று வரையும்போது முதல் புள்ளியிலேயே முழு வெள்ளையைத் தொடங்காதீர்கள். 2 வெள்ளையில் தொடங்கி, பிறகு 4 நீலம், 4 வெள்ளை என்று போய், கடைசியில் 2 வெள்ளையில் முடியுங்கள். நான்கு நீலத்துக்கு 16, இடையில் மூன்று முழு வெள்ளைக்கு 12, இரு ஓரத்திலும் அரை வெள்ளையாக 4, ஆக 32. இப்போது இரண்டு கட்டங்கள் சேரும் இடம் ஒரு வெள்ளைப் பட்டையின் நடுவில் விழும். இரு நிறங்கள் சந்திக்கும் விளிம்பும் கட்டத்தின் விளிம்பும் ஒரே இடத்தில் வராததால் இணைப்பு இருப்பதே தெரியாது. பாதையின் வெளி ஓரத்தில் அரைப் பட்டைதான் நிற்கும். அது பிடிக்காதவர்கள் ஓரக் கட்டங்களுக்கு மட்டும் தனியாக ஒரு வடிவம் வரைந்துகொள்ளலாம்.

சாய்ந்த கோடு

சாய்ந்த கோட்டைக் கண்டு பலர் ஒதுங்கிப்போகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கணக்கு அதேதான். வரிசைக்கு ஒரு புள்ளி நகர்ந்தால் 32 வரிசையில் 32 புள்ளி நகர்ந்திருக்கும். சுற்று 32-ஐ வகுக்கும் எண்ணாக இருந்தால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தானாகப் பொருந்தும். சரிவு குறைவாக வேண்டுமென்று இரண்டு வரிசைக்கு ஒரு புள்ளி நகர்த்தினால், மொத்த நகர்வு 16. அப்போது சுற்று 16-ஐ வகுக்க வேண்டும், அதாவது 8 அல்லது 4 புள்ளிச் சுற்றும் நன்றாக வரும், 32 வராது.

பலகையில் பார்க்கும்போது சாய்ந்த கோடு படிக்கட்டு போலக் கரடுமுரடாகத் தெரியும். அதை மென்மையாக்க இடையிடையே நடு நிறத்தைத் தூவுவது வேண்டாத வேலை. விளையாட்டே புள்ளிகளின் முனைகளை மழித்து, வழவழப்பாக்கித்தான் தீவில் காட்டுகிறது. நீங்கள் தூவும் நடு நிறம் அங்கே அழுக்குப் பூசினாற்போல வந்துவிடும். படிக்கட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

வலமும் இடமும் சாயும் கோடுகளை எதிரெதிரே வைத்தால் அம்புமுனை போன்ற வடிவம் கிடைக்கும். பலகையின் ஒரு பாதியில் வரைவதை மறுபாதியில் கண்ணாடிபோலத் தானே வரைந்துதரும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

நிறத்தட்டு

ஒரு வடிவத்துக்கு 15 நிறங்கள், கூடவே ஒரு வெறுமை, அதாவது ஒளிபுகும் இடம். ஒவ்வொரு நிறத்தையும் மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன. சாயலுக்கு 30 படி, செறிவுக்கு 15 படி, வெளிச்சத்துக்கு 15 படி. பெருக்கினால் 6,750 சேர்க்கைகள். கோட்டுக்கு இவற்றில் இரண்டோ மூன்றோ போதும். ஆனால் அந்த இரண்டுக்கும் இடையே வெளிச்சத்தில் போதிய இடைவெளி இருக்க வேண்டும். சாயல் மட்டும் மாறி வெளிச்சம் ஒன்றாக இருந்தால், உதாரணமாக ஒரே அளவு வெளிச்சமுள்ள சிவப்பும் பச்சையும், பக்கத்தில் நின்று பார்க்கும்போது கண்ணைக் குத்தும், தள்ளிப்போனால் கோடே தெரியாது. வெளிச்சப் படியில் நான்கைந்தாவது வித்தியாசம் வையுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. தட்டில் ஒரு நிறத்தை மாற்றினால், அந்த நிறத்தில் ஏற்கெனவே வரைந்த புள்ளிகள் எல்லாம் கூடவே மாறும். ஆகவே ஒரு நல்ல கோட்டு வடிவத்தை ஒருமுறை அளந்து வரைந்துவிட்டால், அதற்கு ஒரு நகல் எடுத்து, இரண்டு நிறத்தை மட்டும் மாற்றி, வேறொரு துணியாக்கிவிடலாம். சமையலறைக்கு மஞ்சள், படுக்கையறைக்கு வெளிர்நீலம், கடற்கரைக்குச் சிவப்பு என்று ஒரே எலும்புக்கூட்டின் மேல் போர்த்திக்கொண்டே போகலாம். இதற்காகவே ஒரு சிறு ஒழுங்கு வேண்டும். அகலமான பட்டைக்கு எப்போதும் தட்டின் முதல் நிறம், இழைக்கு இரண்டாவது நிறம் என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் கடிகாரம் நம் கடிகாரத்தோடு ஓடுவதால், நண்பகலில் வெளேரென்று இருக்கும் பட்டை மாலையில் பொன்னிறம் ஏறி, இரவில் நீலம் பூசிக்கொள்ளும். இரவில் மட்டுமே விளையாடுகிறவர் இரவுக்குத் தேர்ந்த நிறங்கள் விடுமுறை நாளின் பகலில் பளிச்சென்று அடிக்கும். இரண்டு வேளையிலும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

சட்டைக்கு

சாதாரணப் பலகையில் வரைந்ததையும் உடுத்தலாம். ஆனால் முன்பக்கம், முதுகு, இரு கைகள் என்று தனித்தனியாக வரைய வேண்டுமென்றால் புரோ எடிட்டர் தேவை. குடியிருப்போர் சேவை மையத்தில் இருக்கும் நூக் ஸ்டாப் எந்திரத்தில் 800 நூக் மைல் (விளையாட்டில் சேரும் புள்ளிகள்) கொடுத்தால் கிடைக்கும். கோடு போட்ட உடைகளில் ஆர்வமுள்ளவர்கள் இதற்குத் தயங்கவே வேண்டாம்.

தேர்ந்த தையல்காரர் கோட்டுத் துணியை வெட்டும்போது பையின் கோடும் மார்பின் கோடும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்துத்தான் கத்தரி போடுவார். இங்கும் அந்தக் கவனம் வேண்டும். குறுக்குக் கோடு என்றால், முன்பக்கத்தில் எந்த வரிசையில் தொடங்குகிறதோ அதே வரிசையில் முதுகிலும் தொடங்க வேண்டும். ஒரு வரிசை தப்பினாலும் விலாப்பக்கம் உடைந்து தெரியும். நெடுக்குக் கோடு என்றால், மேலே சொன்ன 2, 4, 4 என்ற அடுக்கு அப்படியே உதவும். விலாவில் இரண்டு அரை வெள்ளைகள் சேர்ந்து முழு வெள்ளையாகும். 15 முதல் 18 வரையான புள்ளிகளில் ஒரு வெள்ளைப் பட்டை நட்டநடுவே விழும்.

குறுக்குக் கோட்டுச் சட்டையில் ஒரு சுதந்திரம் உண்டு. மேலும் கீழும் இன்னொரு கட்டத்தோடு சேர வேண்டியதில்லை என்பதால், 32-ஐ வகுக்கும் விதி அங்கே தளர்ந்துவிடுகிறது. பிரெஞ்சுக் கடற்படைக் கோட்டுச் சட்டையை வரைந்து பாருங்கள். அந்தச் சட்டையின் அளவை 1858 மார்ச் 27 தேதியிட்ட ஆணையிலேயே வகுத்துவிட்டார்கள். உடற்பகுதியில் 21 வெள்ளைப் பட்டைகள், ஒவ்வொன்றும் நீலத்தைப்போல இரு மடங்கு அகலம். வெள்ளை 20 மில்லிமீட்டர், நீலம் 10 மில்லிமீட்டர். நம் பலகையில் வெள்ளைக்கு 2 புள்ளி, நீலத்துக்கு 1 புள்ளி. பத்துச் சுற்றுக்கு 30. மீதியுள்ள இரண்டும் வெள்ளை. ஆக 11 வெள்ளை, 10 நீலம், வெள்ளையில் தொடங்கி வெள்ளையிலேயே முடிகிறது. எண்ணிக்கையில் அசல் சட்டையின் பாதிதான் என்றாலும் விகிதம் கொஞ்சமும் பிசகவில்லை. இதே வடிவத்தைத் தரையில் விரித்தால் இரண்டு வெள்ளையும் இரண்டு வெள்ளையும் ஒட்டி நான்காகிவிடும். சட்டைக்கு வரைந்ததைப் பாதைக்குப் போடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

கைகளின் பலகை சிறியது. மார்புக் கோட்டோடு அதை நேர்க்கோட்டில் கொண்டுவர முயன்றால் நேரம்தான் போகும், ஏனென்றால் ஆள் கையை ஆட்டியபடியே இருப்பதால் அந்தப் பொருத்தம் நிலைக்காது. மணிக்கட்டு ஓரத்திலிருந்து அதே அகலத்தில் கோடுகளைத் தொடங்கி மேலே கொண்டுபோங்கள். அல்லது கையை ஒரே நிறத்தில் விட்டு, ஓரத்தில் ஒரே ஒரு கோடு இழுங்கள். எனக்கு இரண்டாவதுதான் எப்போதும் சுத்தமாகத் தெரிகிறது.

முடித்த சட்டையை ஏபிள் சிஸ்டர்ஸ் கடையில் காட்சிக்கு வைக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. அப்படி வைத்தால் ஒருநாள் உங்கள் தீவின் பூனையோ கரடியோ நீங்கள் வரைந்த கோட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே வரும். வரைகிறவருக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சியை இந்த விளையாட்டு தருவதாக எனக்குத் தெரியவில்லை.

தரைக்கு

தரையில் ஒரு வடிவம் ஒரு கட்டத்தை நிரப்பும். அதைத் திருப்பி வைக்க வழியில்லை. வடிவத்தின் மேல்பக்கம் எப்போதும் வடக்கு நோக்கியே இருக்கும். எனவே கிழக்கு மேற்காகப் போகும் பாதைக்கு ஒன்று, வடக்கு தெற்காகப் போகும் பாதைக்கு ஒன்று என்று ஒரே கோட்டை இரண்டு பலகையில் வரைந்துவைக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் முக்குக்கு மூன்றாவது ஒன்று. தொடக்கத்தில் 50 வடிவங்களுக்குத்தான் இடம் உண்டு. 2021 மார்ச்சில் வந்த மேம்படுத்தலுக்குப் பிறகு கூடுதல் இடம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பாதைக்கே மூன்று இடம் போகும் என்பதை நினைவில் வைத்துத் திட்டமிடுங்கள்.

வெளியே நம் பார்வை தலைக்கு நேர் மேலிருந்து விழுவதில்லை, சாய்வாக விழுகிறது. அதனால் கிழக்கு மேற்காக ஓடும் கோடு, அதே அகலத்தில் வடக்கு தெற்காக ஓடும் கோட்டைவிட மெலிந்து தெரியும். இரண்டு பாதைகளும் ஒன்றுபோலத் தோன்ற வேண்டுமென்றால், கிழக்கு மேற்குக் கோட்டைச் சற்றுத் தடிமனாகப் போடுங்கள், அதாவது 4, 4 என்பதற்குப் பதில் 5, 3. சுற்று எட்டாகவே இருப்பதால் இணைப்பு கெடாது. ஒரு புள்ளி அகலக் கோடுகளைத் தரையில் தவிர்ப்பது நல்லது. சற்றுத் தள்ளிப்போனதும் அவை கலந்து ஒரே மங்கல் நிறமாகிவிடும்.

செயலியிலிருந்து நேரடியாக விரித்த வடிவத்தைக் காலால் எத்தினாற்போல அழித்துவிடலாம். நிலைத்த பாதை வேண்டுமென்றால், கே.கே. ஸ்லைடர் முதல் கச்சேரி நடத்திய பிறகு கிடைக்கும் 'ஐலண்ட் டிசைனர்' செயலிக்காக, சொந்த வடிவப் பாதைக்கான அனுமதியை நூக் ஸ்டாப்பில் 2,300 நூக் மைலுக்கு வாங்குங்கள்.

வெறுமை நிறத்தின் அருமை இங்கேதான் தெரியும். சாலை கடக்கும் வரிக்குதிரைக் கோட்டுக்குக் கறுப்பை வரையவே தேவையில்லை. 8 புள்ளி வெள்ளை, 8 புள்ளி வெறுமை என்று வரைந்து, ஏற்கெனவே போட்ட கருமண் பாதையின் மேல் வையுங்கள். வெறுமை வழியே அடிப்பாதை தெரியும். ஒரே வடிவம் கல் பாதையிலும் செங்கல் பாதையிலும் வேலை செய்யும்.

புல்லின் மேல் நேரடியாக வைக்கிறவர்கள் பருவத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். வடகோளத் தீவில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவாக்கு வரை தரை பனியால் மூடியிருக்கும். வெள்ளைக் கோடும் வெறுமையும் கொண்ட பாதை அந்த நாட்களில் பனியோடு பனியாகக் காணாமல் போகும். வெள்ளைக்குப் பதில் வெளிர் சாம்பலோ சந்தன நிறமோ வைத்தால் ஆண்டு முழுவதும் தாக்குப்பிடிக்கும்.

பந்தல், தடுப்பு, கொடி

மேசை நாற்காலிகளை மாற்றியமைக்கும் வசதியை டாம் நூக் நடத்தும் பயிற்சிக்குப் பிறகு பெறுவீர்கள். அதற்கான கிட் ஒன்று நூக்ஸ் கிரானியில் 600 பெல் (விளையாட்டின் நாணயம்). எல்லாப் பொருளும் நம் வடிவத்தை ஏற்காது. தேர்வுப் பட்டியலில் சொந்த வடிவம் என்ற வரி வந்தால்தான் முடியும். சந்தைக் கடையின் கூரைத் துணி, எளிய தடுப்புப் பலகை ஆகிய இரண்டும் கோட்டுக்கென்றே பிறந்தவை. கூரைத் துணிக்கு 4 அல்லது 8 புள்ளி நெடுக்குக் கோடு போடுங்கள். அதைவிட மெலிந்தால் எடுபடாது. பொருளுக்குப் பொருள் வடிவம் ஒரு பக்கமாக இழுபடக்கூடும். எனவே ஒரு கிட்டைச் செலவழித்து ஒரே ஒரு பொருளில் போட்டுப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போடுங்கள்.

தீவின் கொடிக்கு மூன்று பட்டை வேண்டுமென்றால் 11, 10, 11 என்று பிரியுங்கள். நடுப்பட்டை ஒரு புள்ளி குறைவது கண்ணுக்குத் தெரியாது. 10, 11, 11 என்று பிரித்தால் ஒரு பக்கம் கனத்துத் தெரியும்.

பிறர் வரைந்தவை

ஏபிள் சிஸ்டர்ஸ் கடைக்குள் இருக்கும் எந்திரத்தில் உலகெங்கும் உள்ளவர்கள் வரைந்ததைத் தேடி எடுக்கலாம். இதற்கு நின்டெண்டோவின் இணையச் சந்தா வேண்டும். வடிவத்தின் குறியீட்டெண் தெரிந்தால் நேரே அதையே போடலாம். தெரியாவிட்டால் எந்த வகை, என்ன குறிச்சொல் என்று கொடுத்துத் தேடலாம். முன்காட்சியில் ஒரே ஒரு கட்டம்தான் தெரியும் என்பதால், கோட்டு வடிவங்களைத் தேர்ந்தெடுக்கும்போது இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் உள்ள பட்டைத் துண்டுகளை மனதுக்குள் சேர்த்தால் நடுவில் இருக்கும் முழுப் பட்டையின் அகலம் வர வேண்டும். வந்தால் எடுங்கள்.

எடுத்த வடிவத்தை நாம் திருத்த முடியாது. நிறம்கூட மாறாது. அது வரைந்தவரின் உழைப்பு என்பதால் இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. பிடித்த வடிவத்தின் அகலங்களைப் புள்ளி புள்ளியாக எண்ணிப் பாருங்கள். எந்த இழை எந்தப் பட்டையை ஒட்டி நிற்கிறது, சுற்று எத்தனை புள்ளி என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் நிறங்களுக்குரிய சாயல், செறிவு, வெளிச்சம் மூன்றின் படி எண்களையும் எழுதி வையுங்கள். சட்டையில் போட்ட அதே நீலத்தைக் கூரைத் துணியிலும் பாதையிலும் கொண்டுவர அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.